குளிர்ந்த தகட்டில் படிந்த உலோகம்

1911 ஏப்ரல் 8ஆம் தேதி, நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வகத்தில் பாதரசத்தின் மின்தடை அளவுக்கு எட்டாதபடி மறைந்தது. 4.2 கெல்வினுக்கு அருகே அது சட்டென்று விழுகிறது என்பது அதே ஆண்டின் பிற்பகுதியில் தெளிவானது. ஹைக் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் தூய்மை. திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தால் பாதரசத்தைப் போலச் சுத்தமாகக் கிடைக்கும் உலோகம் அன்று வேறில்லை. தங்கத்திலும் பிளாட்டினத்திலும் குளிர் கூடிய பிறகும் ஒரு மிச்சத் தடை தங்கிவிடுவதை அவர் முன்பே பார்த்திருந்தார். அந்த மிச்சம் மாசினால் வருவது, மாசை அகற்றினால் அதுவும் அகலும் என்பது அவர் கணக்கு. கணக்கு பொய்த்தது, கண்டுபிடிப்பு நிலைத்தது. பாதரசத்தில் வேண்டுமென்றே தங்கத்தையும் காட்மியத்தையும் கலந்து பார்த்தபோதும் தடை மறைந்ததை 1913ஆம் ஆண்டு நோபல் உரையில் அவரே வியப்போடு பதிவு செய்தார். ஆனால் தூய்மையே உயர்ந்தது என்ற எண்ணம் மட்டும் ஆய்வுக்கூடங்களை விட்டுப் போகவில்லை. நல்ல படிகம், குறையில்லாத படிகம், பெரிய படிகம் என்றே அடுத்த தலைமுறைகள் தேடின. அதே காலத்தில் ஒரு சிறிய கூட்டம் எதிர்த்திசையில் போனது. உலோகத்தை ஆவியாக்கி, கடுங்குளிரில் இருக்கும் தகட்டின் மேல் சில அணுக்கள் கனத்துக்குப் படியவைத்து, எவ்வளவு தாறுமாறாக முடியுமோ அவ்வளவு தாறுமாறாக அதை உறையச் செய்தது. தடை இப்படி முற்றாக மறையும் மீக்கடத்தல் எப்படி வாழ்கிறது என்பதைத் தூய படிகங்கள் சொல்லின. அது எப்படிச் சாகிறது என்பதைச் சொன்னவை இந்தப் படலங்கள்தான். இந்தத் துறையின் வரலாற்றைக் கோட்பாட்டாளர்களின் வரிசையாக எழுதுவதே வழக்கமாகியிருக்கிறது. சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் அது முதன்மையாகப் படலம் செய்தவர்களின் வரலாறு என்பதே என் வாதம்.

தொடக்கம் மாஸ்கோவில். கபீட்சாவின் இயற்பியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஷால்னிகோவ், திரவ ஹீலியத்தின் குளிரில் படியவைத்த ஈயம், வெள்ளீயம் ஆகியவற்றின் மெல்லிய படலங்களைப் பற்றி 1938இல் எழுதினார். செய்முறையின் சாரம் எளிது, கைக்கு வருவதுதான் கடினம். சூடான மூலத்திலிருந்து கிளம்பும் உலோக அணு, அறை வெப்பத்தில் உள்ள கண்ணாடியில் விழுந்தால் உடனே நிலைகொள்ளாது. மேற்பரப்பில் அலைந்து, தன்னைப் போன்ற அணுக்களைச் சேர்ந்து திட்டுத்திட்டாகப் படிகமாகும். நூறு ஆங்ஸ்ட்ராம் கனம் வரை படிந்தும் திட்டுகள் ஒன்றையொன்று தொடாமல், மின்சாரமே பாயாத படலமாக அது நிற்கக்கூடும். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. கண்ணாடி சில கெல்வினில் இருந்தால் அணுவுக்கு அலைய ஆற்றல் மிஞ்சாது; விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமில்லாத, திரவத்தின் குழப்பத்தை அப்படியே சிறைப்பிடித்த உலோகம் கிடைக்கும். இதில் ஒரு கட்டாயம் இருக்கிறது. அந்தப் படலத்தை வெளியே எடுக்க முடியாது. வெப்பம் ஏறினால் அதன் அமைப்பு மாறிவிடும், காற்றுப் பட்டால் ஆக்சைடு ஆகிவிடும். ஆகவே ஆவியாக்கும் இழை, வெற்றிடம், ஹீலியத் தொட்டி, மின்னோட்டக் கம்பிகள் எல்லாம் ஒரே கலத்துக்குள் இருந்தாக வேண்டும். சமைப்பவரும் சுவை பார்ப்பவரும் ஒருவரே என்ற நிலை. பிற இயற்பியல் கூடங்களில் மாதிரியை ஒருவர் செய்து தருவார், இன்னொருவர் அளப்பார். இங்கே அந்தப் பிரிவினை இயலாமல் போனதால், உலோகத்தின் நடத்தையைப் பற்றிய ஒவ்வொரு கேள்வியும் அது எப்படிப் படிந்தது என்ற கேள்வியோடு பிணைந்தே பிறந்தது.

இந்தக் கைவேலையின் முதல் பெரிய விளைச்சல் 1950களின் முற்பகுதியில் ஜெர்மனியில் கிடைத்தது. வெர்னர் பக்கலும் ருடால்ஃப் ஹில்ஷும் உலோகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கடுங்குளிரில் படியவைத்து அளந்தார்கள். படிக காலியம் 1.1 கெல்வினுக்கு அருகில்தான் மீக்கடத்தியாகும். குளிரில் உறைந்த காலியப் படலமோ 8 கெல்வினைத் தாண்டியே ஆகிவிட்டது. பிஸ்மத்தின் கதை இன்னும் வலுவானது. படிக பிஸ்மத்தை அன்று எட்டிய எந்தக் குளிருக்குக் கொண்டுபோனாலும் அது மீக்கடத்தியாகவில்லை. குளிரில் படிந்த, படிகமற்ற பிஸ்மத் 6 கெல்வினில் ஆயிற்று. சற்றுச் சூடேற்றி அதைப் படிகமாக விட்டால் அந்தக் குணம் போய்விட்டது. மாசும் குழப்பமும் மீக்கடத்தலைக் கெடுக்கும் என்ற பொதுப்புத்திக்கு நேர்மாறாக, குழப்பமே அதை உண்டாக்கிய இடம் இது. படிக பிஸ்மத் மீக்கடத்தியாகவே ஆகாதா என்ற கேள்விக்கு விடை வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். ராமகிருஷ்ணனின் குழு, மிகத் தூய பிஸ்மத் படிகம் 0.53 மில்லிகெல்வினில் மீக்கடத்தியாவதைக் கண்டு 2017இல் வெளியிட்டது. ஒரே தனிமம், ஒரே அணுக்கள்; அடுக்கப்பட்ட விதம் மாறியதால் மாறுநிலை வெப்பநிலை பத்தாயிரம் மடங்குக்கு மேல் மாறுகிறது. ஓர் உலோகத்தின் குணத்தை அதன் பெயரைக் கொண்டு சொல்ல முடியாது, செய்யப்பட்ட விதத்தைக் கொண்டுதான் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் கோட்பாடு அப்போது வேறு பாதையில் இருந்தது. 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் மீக்கடத்தலுக்கு விளக்கம் தந்தார்கள். எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன, அந்த ஜோடிகள் எல்லாம் ஒரே அலையாக ஒத்து இயங்குகின்றன. இரண்டே ஆண்டில் பிலிப் ஆண்டர்சன், காந்தத்தன்மை இல்லாத மாசுகள் ஜோடி சேர்வதைப் பெரிதாகக் கெடுக்கா என்று நிறுவினார். ஓனஸின் கலப்புப் பாதரசம் ஏன் மீக்கடத்தியாக இருந்தது என்பதற்கு அது சரியான விடை. அதையே பொதுவிதியாக எடுத்துக்கொண்டால் ஒழுங்கற்ற படலங்களில் தேட ஒன்றுமில்லை என்றாகிவிடும். விதிக்கு எல்லை உண்டு என்பதைக் காட்டியது நியூயார்க் லாங் தீவில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம். மைரன் ஸ்ட்ராங்கினும் தோழர்களும் 1970இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ ஒற்றை அணுவடுக்கு வரை மெலிந்த படலங்களைப் பற்றியது. அவ்வளவு மெல்லிய படலம் தொடர்ச்சியாக நிற்காது என்பதுதான் அதுவரை இருந்த தடை. அவர்கள் உலோகத்துக்கு அடியில் முதலில் ஜெர்மானியம் போன்ற பொருளின் மெல்லிய பூச்சு ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் மேல் விழும் உலோகம் திட்டாகாமல் பரவிப் பிடித்துக்கொண்டது. சில அணுக்கள் கனமுள்ள அந்த அடிப்பூச்சு இல்லாமல் அடுத்த இருபது ஆண்டு இயற்பியல் நடந்திருக்காது.

அந்த ஆய்வு தந்த பெரிய செய்தி, மீக்கடத்தல் மங்குவதைத் தீர்மானிப்பது படலத்தின் கனம் என்பதைவிட அதன் சதுரத் தடை என்பதே. சதுரத் தடையைச் சற்று விளக்க வேண்டும். ஒரே படலத்திலிருந்து சின்னச் சதுரம் ஒன்றையும் பெரிய சதுரம் ஒன்றையும் வெட்டி, எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே தடையை அளந்தால் இரண்டும் சமமாகவே இருக்கும். நீளம் கூடியதால் ஏறும் தடையை, அதே அளவு கூடிய அகலம் இறக்கிவிடுகிறது. ஆகவே ஒரு படலத்துக்கு அதன் பரப்பைப் பற்றிய பேச்சே இல்லாமல் ஒற்றை எண்ணாகத் தடையைச் சொல்லலாம். அந்த எண் சில நூறு ஓமாக இருந்தபோது மாறுநிலை வெப்பநிலை கொஞ்சம் இறங்கியது. சில ஆயிரம் ஓமுக்கு ஏறியபோது மீக்கடத்தலே இல்லாமல் போனது. 1984இல் ஸ்டான்ஃபோர்டில் கிரேபீலும் பீஸ்லியும் மாலிப்டினம்-ஜெர்மானியம் கலவைப் படலங்களில் இதையே சீராகப் பதிந்து காட்டினார்கள். 1987இல் ஃபின்கல்ஸ்டைன் அதற்குக் கணக்கு எழுதினார். ஒழுங்கின்மையால் எலக்ட்ரான்கள் தடுமாறித் தடுமாறி நகர்கின்றன, மெதுவாக நகர்வதால் ஒன்றையொன்று விலக்கும் விசை அவற்றிடையே மறைக்கப்படாமல் நிற்கிறது, ஜோடி சேர்க்கும் ஈர்ப்பை அந்த விலக்கம் அரித்துத் தின்கிறது. படலம் 1970இல் சொன்னதைக் கணக்கு பதினேழு ஆண்டு கழித்து முழுமையாகச் சொன்னது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழுவதும் நியாயமே. ஒழுங்கின்மை எலக்ட்ரானை ஓரிடத்தில் முடக்கிவிடும் என்று ஆண்டர்சன் 1958லேயே எழுதிவிட்டார். இரு பரிமாணப் பொருளில் ஒழுங்கு எப்படிக் குலையும் என்பதை பெரெசின்ஸ்கியும் காஸ்டர்லிட்சும் தவ்லெஸ்ஸும் 1970களின் தொடக்கத்தில் கண்டுவிட்டார்கள். 1979இல் ஆபிரகாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ, ராமகிருஷ்ணன் நால்வரும் இரு பரிமாணத்தில் மெய்யான உலோகம் என்று ஒன்று இருக்க முடியாது, எவ்வளவு சிறிய ஒழுங்கின்மையும் போதிய குளிரில் எலக்ட்ரான்களை முடக்கிவிடும் என்று காட்டினார்கள். அந்த நால்வரில் ஒருவரான டி. வி. ராமகிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர்களின் கட்டுரை அத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று. அப்படியானால் கருத்து முன்னே போயிற்று, படலம் பின்னே வந்து ஆமாம் போட்டது என்றுதானே ஆகிறது? இல்லை என்பேன். 1979ஆம் ஆண்டுக் கணக்கு ஜோடி சேராத, ஒன்றோடொன்று உறவாடாத எலக்ட்ரான்களுக்கானது. எலக்ட்ரான் முடங்கினால் மின்காப்பான், ஜோடி சேர்ந்து ஒத்து ஓடினால் மீக்கடத்தி. இரண்டு போக்கும் ஒரே படலத்தில் மோதிக்கொண்டால் எது வெல்லும், எல்லைக்கோடு எங்கே விழும் என்பதை அந்தக் கட்டுரை கேட்கவே இல்லை. கேள்வியைக் கேட்டது பெல் ஆய்வகத்தில் 1978இல் டைன்ஸ், கார்னோ, ரோவல் மூவரும் குளிரில் படியவைத்து அளந்த படலங்கள். அதை எவரும் தட்டிக்கழிக்க முடியாத வடிவில் முன்வைத்தது மினசோட்டா பல்கலைக்கழகம்.

மினசோட்டாவில் ஆலன் கோல்ட்மனின் கூடம் செய்த வேலையின் அழகு அதன் பொறுமையில் இருக்கிறது. ஒரு படலம், ஒரு தகடு, ஒரே கலம். சிறிதளவு உலோகத்தைப் படியவைப்பார்கள், மூலத்தை அடைத்துவிட்டு, குளிரைக் கூட்டிக் குறைத்துத் தடையை அளப்பார்கள், பிறகு அதே படலத்தின் மேலேயே இன்னும் ஓர் ஆங்ஸ்ட்ராமில் சிறு பங்கு சேர்ப்பார்கள், மறுபடியும் அளப்பார்கள். தகடு மாறுவதில்லை, வெற்றிடம் உடைவதில்லை, குளிர் விலகுவதில்லை. வேறு வேறு மாதிரிகளை ஒப்பிடும்போது நுழையும் சந்தேகங்கள் எல்லாம் இந்த ஒரே ஏற்பாட்டால் விலகின. முதலில் ஓர், யேகர், ஹாவிலாண்ட், கோல்ட்மன் ஆகியோர் அடிப்பூச்சு இல்லாத குறுணைப் படலங்களை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளீயம், காலியம், ஈயம், அலுமினியம், இண்டியம் என்று உலோகம் மாறியும், திட்டுகளின் அமைப்பு மாறியும், முழு மீக்கடத்தல் தலைகாட்டிய இடம் மட்டும் பெரிதாக மாறவில்லை. சதுரத் தடை ஏறக்குறைய 6,000 ஓமுக்குக் கீழே வந்ததும் அது வந்தது. பிறகு 1989இல் ஹாவிலாண்ட், லியு, கோல்ட்மன் மூவரும் ஜெர்மானிய அடிப்பூச்சின் மேல் பிஸ்மத்தைப் படியவைத்தார்கள். 4.36 ஆங்ஸ்ட்ராமில் தொடங்கி 74.27 ஆங்ஸ்ட்ராம் வரை அந்த ஒரே படலம் வளர்ந்தது. முதல் கனம் ஓர் அணுவடுக்குக்குச் சற்றே கூடுதல். மெல்லிய நிலைகளில் குளிர் கூடக் கூடத் தடை ஏறிக்கொண்டே போயிற்று. கனத்த நிலைகளில் அது சரிந்து மறைந்தது. இடையே தயங்கி நின்ற கோடு எதுவும் இல்லாமல் வளைகோடுகள் இரண்டு பக்கமும் பிரிந்தன; பிரிந்த இடம் 6,500 ஓமை ஒட்டி இருந்தது. அந்த ஒற்றை வரைபடம், திட இயற்பியலில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்த மிகச் சிறந்த வரைபடங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்த எண் ஏன் பலரைத் தூக்கிவாரிப் போட்டது? பிளாங்க் மாறிலியை எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்கால் வகுத்தால் 6,453 ஓம் வரும். பிஸ்மத்தின் பெயரோ, தகட்டின் தன்மையோ, படலத்தின் கனமோ அந்தக் கணக்கில் கிடையாது. 1990இல் மேத்யூ ஃபிஷர் தனியாகவும், கிரின்ஸ்டைன், கிர்வின் இருவருடன் சேர்ந்தும் இதற்கு ஒரு காரணம் சொன்னார். மீக்கடத்தும் படலத்தில் கூப்பர் ஜோடிகள் தடையின்றி ஓடுகின்றன, காந்தப்புலத்தைத் தாங்கிய நுண்ணிய மின்னோட்டச் சுழிப்புகளான காந்தச் சுழல்கள் அசையாமல் கிடக்கின்றன. மின்காப்பான் படலத்தில் நேர்மாறு. சுழல்கள் தடையின்றி ஓடுகின்றன, ஜோடிகள் முடங்கிக் கிடக்கின்றன. ஒரு ஜோடி நகர்ந்தால் இரண்டு எலக்ட்ரான் மின்னூட்டம் மின்னோட்டமாகிறது. ஒரு சுழல் குறுக்கே கடந்தால் அதற்கேற்ற ஒரு துளி மின்னழுத்தம் பிறக்கிறது. இரண்டும் சரிசமமாக நகரும் எல்லைப் புள்ளியில், ஒரு ஜோடிக்கு ஒரு சுழல் என்று வைத்துக்கொண்டால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்கக் கிடைப்பது அதே 6,453 ஓம். அதே ஆண்டில் பெல் ஆய்வகத்தின் ஹெபார்டும் பாலனனும் இண்டியம் ஆக்சைடு படலத்தில் கனத்தை மாற்றாமல் காந்தப்புலத்தை மட்டும் ஏற்றி, மீக்கடத்தியை மின்காப்பானாக மாற்றிக் காட்டினார்கள். வெப்பத்தால் நிகழாமல், தனிச்சுழி வெப்பநிலையில் குவாண்டம் அலைவுகளால் மட்டும் நிகழும் நிலைமாற்றம் என்ற கருத்துக்குக் கையால் தொட்டுக் காட்டக்கூடிய எடுத்துக்காட்டாக இந்தப் படலங்கள் ஆயின. காலவரிசையைக் கவனிக்க வேண்டும். குறுணைப் படலம் 1986, பிஸ்மத் 1989, விளக்கம் 1990.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடுமையானது. 6,453 ஓம் என்ற எண் நிலைக்கவில்லை. 1995இல் யஸ்தானியும் கபிடுல்னிக்கும் மாலிப்டினம்-ஜெர்மானியம் படலங்களில் எல்லைத் தடை மாதிரிக்கு மாதிரி நகர்வதைக் கண்டார்கள். வேறு பொருள்களிலும் அது கீழேயும் மேலேயும் விழுந்தது. அப்படியானால் மினசோட்டாவில் கண்டது ஒரு தற்செயல், படலம் செய்பவரின் கைப்பழக்கம் இயற்கையின் விதி போல வேடமிட்டது என்று சொல்லலாமா? இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் தோல்விதான். ஆனால் எண் ஏன் நகர்ந்தது என்று கேட்டவர்களுக்குப் பெரிய புதையல் கிடைத்தது. மீக்கடத்தல் இரண்டு விதமாகச் சாகலாம். தேர் நகராமல் நிற்பதற்கு வடம் பிடிக்க ஆளே வராமல் போனது காரணமாகலாம். ஊரே வந்து வடத்தைப் பிடித்தும் ஒருசேர இழுக்காததும் காரணமாகலாம். முதல் வகையில் ஜோடிகளே உடைந்துபோகின்றன. இரண்டாம் வகையில் ஜோடிகள் இருக்கின்றன, அவற்றின் அலை ஒத்துப்போகவில்லை. 1992இல் வால்ஸ், டைன்ஸ், கார்னோ ஆகியோர் அடிப்பூச்சிட்ட பிஸ்மத் படலங்களில் ஜோடியை உடைக்கத் தேவையான ஆற்றல் எல்லையை நெருங்க நெருங்கச் சுழியை நோக்கி இறங்குவதைக் கண்டார்கள். அது முதல் வகைச் சாவு. குறுணைப் படலங்களிலோ திட்டுக்குள் ஜோடிகள் நலமாக இருந்தன. திட்டுக்கும் திட்டுக்கும் இடையே ஒத்திசைவுதான் அறுந்தது. அது இரண்டாம் வகை. அடிப்பூச்சு உண்டா இல்லையா என்ற பட்டறைக் கேள்வியே இரண்டு வகை இயற்பியலைப் பிரித்துக் கொடுத்தது. கைப்பழக்கம் விதியை மறைத்தது என்று இதைச் சொல்ல முடியாது.

அந்தப் பிரிவினையும் அவ்வளவு சுத்தமாக நிற்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. சீரானவை என்று நம்பிய சில படலங்களை ஸ்கேனிங் டன்னலிங் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அங்கும் நுண்ணிய மணிகள் தெரிந்தன. அதைவிட ஆழமான திருப்பம் கோட்பாட்டிலிருந்து வந்தது, அதை மனமாரப் பாராட்டுகிறேன். 1998இல் அமித் கோஷல், மோஹித் ரந்தேரியா, நந்தினி திரிவேதி மூவரும், அணு அளவில் ஒழுங்கின்மை எங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தாலும், மீக்கடத்தல் தானாகவே தீவுகளாகத் திரண்டுகொள்ளும் என்று கணினிக் கணக்கில் காட்டினார்கள். பொருளில் குறுணை இல்லை, ஆனாலும் ஜோடிகளின் பரவலில் குறுணை உண்டு. இது படலங்களில் சரிபார்க்கப்பட்டது. சசெப்பே முதலானோர் 2008இல் டைட்டானியம் நைட்ரைடிலும் 2011இல் இண்டியம் ஆக்சைடிலும் ஜோடியை உடைக்கத் தேவையான ஆற்றல் இடைவெளி இடத்துக்கு இடம் மாறுவதை நேரே கண்டார்கள். சில இடங்களில் இடைவெளி இருந்தும் ஒத்திசைவின் அடையாளம் இல்லை. மும்பையில் பிரதாப் ராய்சௌதுரியின் குழு நையோபியம் நைட்ரைடு படலங்களில், தடை மறையும் வெப்பநிலைக்கு மேலேயும் ஜோடிகளின் சுவடு தொடர்வதைப் பதிவு செய்தது. எல்லாவற்றையும்விட நேரடியான சான்று 2007இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. நுண்துளைகள் வரிசையாக அமைந்த தகட்டின் மேல் பிஸ்மத்தைப் படியவைத்து, மின்காப்பானாக இருந்த படலத்தில் காந்தப்புலத்தை ஏற்றியபோது, தடை சீரான இடைவெளியில் ஏறி இறங்கியது. அந்த இடைவெளி இரட்டை மின்னூட்டத்துக்கு உரியது. மின்காப்பானுக்குள் மின்சாரத்தைச் சுமந்தவை ஜோடிகளே.

மீக்கடத்தலை உண்டாக்கும் அதே ஜோடிகள் மின்காப்பானையும் உண்டாக்குகின்றன என்ற இந்த உண்மை, 2004இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் இன்னொரு வடிவில் வெளிப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குளிரில் படிந்த பிஸ்மத் படலங்களை ஆராய்ந்துவிட்டு அங்கே போயிருந்த ஜி. சம்பந்தமூர்த்தி, டான் ஷஹார் முதலியோருடன் சேர்ந்து இண்டியம் ஆக்சைடு படலங்களைக் காந்தப்புலத்தில் வைத்தார். தடை மலைபோல் எழுந்து, புலம் இன்னும் கூடியதும் சரிந்தது. உச்சியில் இருந்த மின்காப்பு நிலையின் ஆற்றல் அளவு, அதே படலத்தின் மீக்கடத்தல் வெப்பநிலையை ஒட்டியே இருந்தது. இரண்டு எதிர்நிலைகளும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பதற்கு அது வலுவான அடையாளம். 2008இல் வினோகூரும் பாதுரினாவும் உள்ளிட்ட குழு டைட்டானியம் நைட்ரைடில் இன்னும் ஒரு படி போய், மின்கடத்துதிறன் முற்றிலும் அற்ற மீமின்காப்பான் என்ற புதிய நிலையையே அறிவித்தது. அடுத்த ஆண்டே எதிர்க்குரல் எழுந்தது. குறைந்த வெப்பநிலையில் எலக்ட்ரான்கள் தம்மைச் சுற்றியுள்ள அணுக்கூட்டைவிடச் சூடாகிவிடுகின்றன, மின்னோட்டம் திடீரெனத் தாவுவதற்கு அந்தச் சூடே போதுமான விளக்கம் என்றார்கள் ஆல்ட்ஷுலர் முதலானோர். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இதற்கு இணையான இன்னொரு வழக்கும் நடக்கிறது. மீக்கடத்தியாகவும் ஆகாமல் மின்காப்பானாகவும் ஆகாமல், எவ்வளவு குளிர்ந்தாலும் ஒரு நிலையான தடையிலேயே தங்கிவிடும் படலங்கள் 1980களிலேயே மினசோட்டாவில் தென்பட்டன. 1996இல் ஸ்டான்ஃபோர்டில் காந்தப்புலத்தில் வைத்த மாலிப்டினம்-ஜெர்மானியம் படலங்களிலும் தெளிவாகத் தெரிந்தன. இரு பரிமாணத்தில் உலோகம் இல்லை என்ற தீர்ப்புக்கு முன்னால் இப்படி ஓர் உலோகம் வந்து நின்றால் கோட்பாட்டாளருக்குத் தூக்கம் எப்படி வரும்? 2019இல் தாமிர் முதலானோர் அளவீட்டுக் கம்பிகளில் நல்ல வடிகட்டிகளைப் பொருத்தி, வெளியிலிருந்து கம்பி வழியே ஒழுகும் மின்னிரைச்சலை அடைத்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்த படலங்களில் அந்த உலோக நிலை மறைந்து, மீக்கடத்தல் திரும்பியது. கம்பியில் வந்த இரைச்சலே படலத்தைச் சூடாக்கியிருந்தது. இது என் வாதத்தைக் கெடுக்கிறது என்று எண்ணுவோர் இருக்கலாம். படலத்தை நம்பினால் படலமே ஏமாற்றிவிட்டதே என்று கேட்கலாம். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். ஏமாற்றத்தைக் கண்டுபிடித்ததும் கைவேலையே. ஒரு சமன்பாடும் அந்த இரைச்சலைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஒரு வடிகட்டி காட்டிக்கொடுத்தது. வடிகட்டி இருந்தும் அந்த நிலை நீடிப்பதாகச் சொல்லும் படலங்களும் உண்டு என்பதால், எது மெய், எது சூடு என்று பிரிக்கும் வேலை இன்னும் ஒவ்வொரு கூடத்திலும் தனித்தனியாக நடந்தாக வேண்டியிருக்கிறது.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு விடை சுருக்கமானது. 2001இல் கோல்ட்ஸ்மன் தலைமையிலான மாஸ்கோ குழு, ஐந்து நானோமீட்டர் அளவு கனமுள்ள நையோபியம் நைட்ரைடுப் படலத்தைக் குறுகிய கம்பியாக வெட்டி, ஒற்றை ஒளித்துகள் பட்டாலே அது ஒரு கணம் மீக்கடத்தலை இழந்து துடிப்பு தருவதைக் காட்டியது. மெல்லியதாக, தடை மிகுந்ததாக, ஒழுங்கற்றதாக இருப்பதே இங்கு தகுதி. 2023 டிசம்பரில் சைக்கி விண்கலம் 3.1 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து லேசர் வழியே காணொளி அனுப்பியபோது, கலிஃபோர்னியாவின் பாலோமர் தொலைநோக்கியில் அந்த ஒளித்துகள்களை எண்ணியது படிகமற்ற டங்ஸ்டன் சிலிசைடுப் படலம். ஷால்னிகோவின் மரபில் வந்த கருவி அது.

மீக்கடத்தலின் வரலாற்றைத் தமிழில் எழுதும்போது 1911இன் பாதரசத்திலிருந்து 1957இன் கோட்பாட்டுக்கும், அங்கிருந்து 1986இன் பீங்கான் மீக்கடத்திகளுக்கும் தாவிவிடுவது எளிது. இடையில் விடுபடுவது ஒரு சிறு அடிக்குறிப்பு அல்ல. முக்கால் நூற்றாண்டு உழைப்பு. தனிமத்தின் பெயர் அதன் குணத்தைத் தீர்மானிக்காது என்பதும், மீக்கடத்தியும் மின்காப்பானும் ஒரே ஜோடிகளின் இரண்டு நிலைகளாக இருக்கக்கூடும் என்பதும், சுழி வெப்பநிலையிலும் நிலைமாற்றம் நிகழும் என்பதும் அந்த உழைப்பு தந்தவை. கருத்தைச் சொன்னவர்களுக்கு நோபல் பரிசுகள் கிடைத்தன, அதற்கு அவர்கள் தகுதியானவர்களே. படலத்தைச் செய்தவர்களுக்கு வரலாற்றிலாவது இடம் வேண்டும். வகுப்பில் இந்தப் பாடத்தைச் சொல்லும் ஆசிரியர்களிடமும் எழுதும் நண்பர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: ஓனஸையும் ஆண்டர்சனையும் சொல்லும்போது ஷால்னிகோவ், பக்கல், ஹில்ஷ், ஸ்ட்ராங்கின், கோல்ட்மன் பெயர்களையும், ஹாவிலாண்டின் அந்த 1989ஆம் ஆண்டு வரைபடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.